நாலாவது துளை

பட்டறையில் என்னைப் பசை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பைபரை ஒட்டுகிற ரெசின் பசையின் வாடை என் தலைமுடியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது, எந்த ஷாம்பூவுக்கும் அசையாது. இருபது வருஷமாக பைபர் படகுகளுக்கு உடம்பு கட்டுகிறேன், உடைந்து வந்தால் ஒட்டித் தருகிறேன். என் வேலையில் குறை சொன்னவன் இதுவரை யாரும் இல்லை. அடக்கமாக இருக்கச் சொன்னால் எனக்கு வராது. வாயும் கொஞ்சம் நீளம்தான். அரைகுறை வேலை செய்கிறவனை நான் திட்ட ஆரம்பித்தால் அடுத்த கொட்டகையில் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அந்தப் படகு மட்டும் ஆறு வருஷமாகக் கொட்டகையின் பின்பக்கம் கவிழ்ந்து கிடந்தது. மேலே தகரக் கூரை, கீழே நாலு மரக்கட்டை. யாரும் தொடவில்லை, தொடவும் நான் விடவில்லை. இருபத்துநாலு அடி நீளம், ஊசி மூக்கு, தண்ணீரில் பாதியும் காற்றில் பாதியுமாக ஓடுகிற பந்தயப் படகு. என் வீட்டுக்காரர் அதில்தான் போய்ச் சேர்ந்தார்.

இந்த மாதிரிப் படகில் இஞ்சின் உள்ளே உட்காராது, பின்பலகையில் வெளியே தொங்கும். அந்தப் பந்தயத்துக்கு ஒரு வருஷம் முன்னால் என் கொழுந்தன் பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதை மாட்டினான். மெக்கானிக் அவன்தான், அண்ணன் ஓட்டுவார், தம்பி இஞ்சினைப் பார்த்துக்கொள்வான், உடம்பு என் பொறுப்பு. பெரிய இஞ்சினுக்குப் பழைய துளைகள் சேரவில்லை. பின்பலகையில் நாலு புதுத் துளை போட்டு நாலு போல்ட் முடுக்கினான். பைபர் தோலுக்குள்ளே இருப்பது மரம், துளையைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி உளுத்துவிடும். பந்தயத்தின் மூன்றாவது சுற்றில் பின்பலகை உள்வாங்கி இஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த வேகத்துக்கு அது போதும். படகு இருந்த இடத்திலேயே சுழன்று அவரைத் தூக்கி எறிந்தது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் இஞ்சின் படகுக்கு மீறியது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். நான் அத்தோடு விடவில்லை. உடலைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், இவன் போட்ட துளைதான் கொன்றது என்று கொழுந்தனைக் கைகாட்டிச் சொன்னேன். சரியாகத்தான் போட்டேன் என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். யார் காதிலும் ஏறவில்லை. அன்றைக்கு வெளியே போனவனை என் மாமியார் திரும்ப வீட்டுக்குள் விடவில்லை. பெற்ற பிள்ளையைவிட என்னைப் பெரிதாக நினைக்கிறாளே என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அத்தையும் நானும் அந்த வீட்டில் ஆறு வருஷம் தனியாக இருந்தோம். போன வருஷத்திலிருந்து அவளுக்கு மூச்சு வாங்குகிறது, குளியலறைக்குப் போய் வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பகலெல்லாம் நான் பட்டறையில், அவள் அங்கே ஒண்டியாக.

இப்படியிருக்க ஒரு நாள் கொழுந்தன் பட்டறை வாசலில் வந்து நின்றான். வேறு ஊர்ப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், எங்கள் முதலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தான். அந்தப் படகைப் புதுப்பிக்க வேண்டும், புது இஞ்சின் மாட்ட வேண்டும், அடுத்த பருவத்தில் முதலாளி பேரில் அது ஓட வேண்டும். முதலாளிக்கு இதில் நல்ல பேர் கிடைக்கும். அவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

"பின்பலகையை நீங்க திறக்கணும், அண்ணி," என்றான். "என் போல்ட்லேர்ந்து தண்ணி இறங்கியிருந்தா தப்பு என் மேலன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா, இல்லேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை. உங்க வாயால வந்தாதான் வீட்டுக்குள்ள விடுவேன்னு அம்மா சொல்லியாச்சு. அவங்களைப் பகல்ல தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கம் வரலை."

சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். அவன் தலையில் அவன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள வருகிறான், நான் ஏன் தடுக்க வேண்டும்? உள்ளே என்ன இருக்கும் என்பதில் எனக்குத் துளி சந்தேகம்கூட இல்லை.

சங்கிலிப் பளுதூக்கியில் படகைத் தூக்கி நிமிர்த்தினோம். ஆறு வருஷத்துச் சேறும் எலிப் புழுக்கையும் சேர்ந்து தரையில் கொட்டியது. தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவி, பழைய பெயிண்டைச் சுரண்டி, பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். பைபர் படகை நம்பக் கண் போதாது, காது வேண்டும். நல்ல இடம் டக்கென்று பேசும், உள்ளே மரம் ஊறிப்போன இடம் தொப்பென்று முனகும். தரை நன்றாகப் பேசியது, பக்கச் சுவர்களும். பின்பலகைக்கு வந்ததும் கீழ்ப்பாதி முழுக்கத் தொப்தொப்பென்றது. நான் நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தேன். அவனுக்கும் கேட்டிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

மூன்று வாரம் ஒன்றாக வேலை பார்த்தோம். எரிபொருள் தொட்டியை மாற்றினான், கம்பி இழுக்கும் ஸ்டியரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹைட்ராலிக் வைத்தான், ஒயர்களை எல்லாம் புதிதாக இழுத்தான். புது இஞ்சின் பழையதைவிட எடை குறைவு, சக்தியோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை நேராகப் பலகையில் மாட்டாமல் ஒரு முழம் பின்னால் தள்ளி இரும்புத் தாங்கியில் மாட்டத் திட்டம். சுத்தமான வேலைக்காரன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அவனை நான் சும்மா விடவில்லை. அவன் ட்ரில்லை எடுக்கும்போதெல்லாம், துளை போடும்போது ஒரு சத்தம் கொடுங்க, சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்பேன். பெயிண்ட் அடிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் அதை மென்று விழுங்கிக்கொண்டு, சாயங்காலம் என் பிரஷ்களையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போவான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பின்பலகையைத் திறந்த அன்று அவன் இல்லை. தாங்கியை வாங்கிவர லேத் பட்டறைக்குப் போயிருந்தான், திரும்ப மதியம் ஆகும். மற்றவர்களை முன்பக்கம் அனுப்பிவிட்டேன். முகமூடியைப் போட்டுக்கொண்டு, கிரைண்டரால் பலகையின் உள்தோலை ஓரம் ஓரமாக அறுத்து உரித்தேன். உள்ளே பிளைவுட். முதலில் நாலு போல்ட் துளைகளைத்தான் பார்த்தேன், அதற்காகத்தானே ஆறு வருஷம் காத்திருந்தேன்.

நாலும் காய்ந்திருந்தன. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கட்டைவிரல் தடிமனுக்கு ரெசின் வளையம். துளையை வேண்டியதைவிடப் பெரிதாகப் போட்டு, ரெசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்திருக்கிறான். போல்ட் மரத்தைத் தொடவே இல்லை. ஒரு நாள் முழுக்கத் தின்கிற வேலை அது, பொறுமை இல்லாதவன் செய்யமாட்டான். சுற்றியிருந்த மரம் கடையிலிருந்து நேற்று வாங்கி வந்ததைப் போல மஞ்சளாக இருந்தது.

கறுப்பு கீழே இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஊறிய ரொட்டியில் இறங்குவது போல இறங்கியது. கறுப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று குத்திக்கொண்டே போனேன். வலது மூலையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இரண்டு சின்ன ஸ்க்ரூ துளைகள். வளையம் கிடையாது, பூச்சு கிடையாது, வெறும் மரம். அங்கேதான் அது கரியைப் போல உதிர்ந்தது.

அந்த இரண்டையும் போட்டது நான்.

அவர் சாவதற்கு மூன்று வருஷம் முன்னால், எங்கள் கல்யாண நாளுக்கு அவருக்கு ஒரு வேகமானி வாங்கிக் கொடுத்தேன். வேகத்தை அளக்கிற அதன் சென்சாரைப் பின்பலகையின் அடியில் பொருத்த வேண்டும். ஒழுங்காகச் செய்தால் துளையை ரெசினால் அடைத்து ஒரு நாள் காயவிட வேண்டும். மறுநாள் ஓட்டம், அவர் குழந்தை மாதிரிப் பரபரத்துக்கொண்டிருந்தார். ரெண்டு சின்ன ஸ்க்ரூதானே என்று மேலோடு கொஞ்சம் சிலிகான் தடவி முடுக்கிவிட்டேன். அப்புறம் சரியாகச் செய்யலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் பட்டறையை விட்டே துரத்தியிருப்பேன்.

அழுதேன் என்று சொன்னால் பொய். முதலில் வந்தது கோபம், அதுவும் கொழுந்தன் மேல்தான். இதைத் திறக்கச் சொல்லி இவனை யார் கேட்டது? அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. ஆறு வருஷமாக அந்த வீட்டில் நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது, அத்தை எனக்கு ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுத் தான் சாப்பிடுவது, பட்டறையில் என் வாய்க்கு இருக்கிற மரியாதை, எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்தது. வீட்டுக்காரரை நான்தான் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது? யாரிடம்? அந்தப் படகுக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து கிரைண்டரை எடுத்தேன். வலது மூலையை, அந்த இரண்டு துளைகளோடு சேர்த்து, தூளாக்கினேன். நாலாவது போல்ட் துளையின் ரெசின் வளையத்தை, சுற்றியிருந்த மஞ்சள் மரத்தோடு, கீழே கறுப்பு வரைக்கும் வெட்டி எடுத்துக் குப்பைப் பீப்பாயின் அடியில் போட்டேன். கறுத்த மரத்தில் கொஞ்சம் உறுதியாக இருந்த ஒரு துண்டை எடுத்து, போல்ட் அளவுக்கே அரை இஞ்ச் பிட்டால் நடுவில் துளைத்தேன். துளையின் உள்சுவரில் அழுக்கை நன்றாகத் தேய்த்தேன். கை நடுங்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் என் கை நடுங்காது.

அவன் வந்தான். தாங்கியைத் தரையில் வைத்துவிட்டு நேராகப் படகுக்குள் ஏறினான். மூன்று வளையங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான், முகம் மலர்ந்தது. நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அங்கே இருந்தது இதுதான் என்று நான் கையிலிருந்த துண்டை நீட்டினேன்.

"நாலையும் அடைச்சேன், அண்ணி."

"மூணை அடைச்சிருக்கீங்க."

திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, கீழே மூலையில் வேகமானிக்கு இரண்டு ஸ்க்ரூ துளை இருந்ததே, அதிலிருந்து இறங்கியிருக்காதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அது நான் போட்டது," என்றேன். "நான் எப்படிப் போடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் வெட்கப்பட்டுப்போனான். தப்பாக நினைக்காதீங்க அண்ணி, மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன் என்றான். படகின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டான். என் கண் முன்னாலேயே அவன் அந்த நாளைத் தேட ஆரம்பித்தான். மூணாவதை நிரப்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டார், ஆமாம், கூப்பிட்டார் என்றான். கையைக் கழுவிவிட்டுப் போனேன், திரும்பி வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து ட்ரில்லை எடுத்திருப்பேன் என்றான். முதலில் எடுத்திருப்பேன் என்று சொன்னவன், கொஞ்ச நேரத்தில் எடுத்தேன் என்றான். அன்றைக்குச் சாப்பிட்டது என்ன என்பதுகூட அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நடக்காத ஒன்றைச் செங்கல் செங்கலாக அவனே கட்டினான். நான் பக்கத்தில் நின்று முகமூடியைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தேன். ஒரு செங்கலைக்கூட உருவவில்லை.

"நீங்க காட்டினதாலதான் நம்புறேன், அண்ணி. வேற யாராவது காட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன்."

மீதி வேலை பத்து நாளில் முடிந்தது. இந்த முறை மரமே வேண்டாம் என்று முடிவு செய்து, ஊறாத நுரைப்பலகையை வைத்து, உள்ளும் புறமும் பைபர் இழைப் பாய்களை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் போட்டு மூடினேன். வாழ்நாளில் அப்படியொரு பின்பலகையை நான் கட்டியதில்லை. தாங்கிக்குத் துளை போடும் நாளில் அவன் ட்ரில்லை என் கையில் கொடுத்துவிட்டான். துளைத்து, அடைத்து, மறுபடி துளைத்து எல்லாம் நானே செய்தேன். ஒவ்வொன்றையும் அவன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தான், நாலாவதை இரண்டு தடவை. கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. பெயிண்ட் அடிக்கிறவர்கள்தான் வழக்கம் மாதிரிச் சிரித்தார்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பின்பலகையை யார் மூடினாரோ அவர்தான் முதல் ஓட்டத்தில் கூட உட்கார வேண்டும். தன் வேலைக்குத் தன் உயிரை அடமானம் வை என்று அர்த்தம். அதனால் அந்தக் காலையில் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலாளி கரையில் கடிகாரத்தோடு நின்றார்.

மெதுவாக வெளியே கொண்டுபோனான். பாதி வேகம் வரை படகு பட்டு மாதிரிப் போனது. மூக்கு தூக்கவில்லை, குதிக்கவில்லை, திருப்பினால் தண்டவாளத்தில் போவது போலத் திரும்பியது. இன்னும் கொடுங்க என்றேன். வேகம் கூட்டுகிற த்ராட்டில் மேல் இருந்த அவன் கை நகரவில்லை. அவன் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டியவன், அண்ணனே அவனைக் கொஞ்சம் அடங்கச் சொல்லுவார். இப்போது அடிக்கடி பின்னால் திரும்பி இஞ்சினையே பார்த்தான்.

"முடியலை, அண்ணி. நீங்களே ஓட்டுங்க."

இடம் மாறி உட்கார்ந்தோம். நான் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன். படகு தண்ணீரை விட்டுவிட்டது. காதில் காற்றைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, கரை ஒரு கோடாகிப் பின்னால் போனது. என் பலகை அசையாது என்று எனக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. பக்கத்தில் அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, உதட்டுக்குள் அண்ணா அண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேகத்தைக் குறைக்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டு சுற்று போனேன்.

கரைக்கு வந்ததும் முதலாளி கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு குழந்தை போலச் சிரித்தார். கொழுந்தன் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான். இத்தனை வருஷம் உங்களைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேனே அண்ணி என்றான். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் படகில் உட்கார்ந்திருந்த நிமிர்வு இன்னும் இறங்கவில்லை.

சாயங்காலம் வந்தான். நானே கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்றேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை. அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள், முகம் பூரித்துப்போனது. நான் கூப்பிட்டதை, அவன் மேல் தப்பில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். உட்காருடா என்று பக்கத்தில் இடம் காட்டினாள். அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே, அண்ணனைக் கொன்றது தன் துளைதான் என்று சொன்னான். மூன்றை அடைத்துவிட்டு நாலாவதை மறந்துவிட்டேன், அண்ணி திறந்து காட்டினாங்க, அந்த நாள் எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னான்.

அத்தை அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இவன் சொல்வது நிஜமா என்று கேட்டாள்.

"ஆமா, அத்தை. நானே பார்த்தேன்."

அவள் மூச்சைப் பிடித்துப் பிடித்துத்தான் பேசினாள். "அன்னிக்கு நீ சொன்னப்ப நான் நம்பலை. புருஷன் போன வயித்தெரிச்சல்ல பேசுறா, ஆறட்டும்னு விட்டேன். உன் மனசுக்காகத்தான் இவனை வாசல்லயே நிறுத்தினேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் இவன்தான் வந்து என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான். உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டம்மாவோடு போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் மகன் பக்கம் திரும்பினாள். அவன் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து, புடவை நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவள் அதை மெல்ல அவன் விரலிலிருந்து உருவிக்கொண்டாள்.

"இனிமே வியாழக்கிழமை வராதே," என்றாள்.

அவன் எழுந்து, அவள் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று என்னிடம் சொன்னான். எனக்குத் தெரிந்ததைவிட இரண்டு மாத்திரை அதிகமாக அவனுக்குத் தெரிந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

நான் கட்டில் ஓரத்தில் நின்று, வியாழக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும், அத்தை என்று கேட்டேன். ஒன்பதரைக்குள் சீட்டு வாங்கிவிட வேண்டும் என்றாள்.